கம்பளத்துக்குத் தேதி போட்ட கதை

வெண்பாக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அண்ணாந்து பார்ப்பார்கள். எந்த மாடியைப் பார்த்தாலும் தண்ணீர்த் தொட்டியின் மேல் சிவப்புப் பெயின்டில் இரண்டு தேதிகள் எழுதியிருக்கும். மேலே இருப்பது தொட்டியைக் கழுவிய நாள். கீழே இருப்பது அடுத்துக் கழுவ வேண்டிய நாள். அந்த நாள் வந்துவிட்டால் காலை ஆறு மணிக்கு நான்கு பேர் ஏணியோடு வாசலில் நிற்பார்கள். மழை பெய்தாலும் நிற்பார்கள். வீட்டில் சாவு விழுந்திருந்தாலும் நிற்பார்கள். எங்கள் வீட்டில் காலண்டர் வாங்கியதே இல்லை. என் மனைவி இருந்தவரை, எதிர்வீட்டு மாடியில் ஏணி சாய்ந்ததும் இன்று தேதி இன்னதென்று சொல்லிவிடுவாள்.

அந்த நான்கு பேருக்கும் தலைவர் தெய்வநாயகம். மற்ற மூவரும் அவரை மேஸ்திரி என்பார்கள். யார் எதைச் சொன்னாலும் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுத் தலையாட்டுவார். ஆட்டி முடித்த பிறகு, என்ன சொன்னார்கள் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார்.

பக்கத்தில் இருப்பவர் பெரும்பாலும் சோணாசலம். குச்சி மாதிரி உடம்பு. அதனால் தொட்டிக்குள் இறங்குவது அவர் வேலை. முப்பது வருஷமாகத் தொட்டிக்குள் நின்று பேசியதில், அவர் எதைச் சொன்னாலும் நான்கு சுவரும் அதையே திருப்பிச் சொல்லின. தான் சொல்வதை உலகம் ஒப்புக்கொள்கிறது என்று கண்டு அவர் அறிவாளி ஆகிவிட்டார்.

புண்ணியகோடிக்கு நல்ல குரல். வெளியே நின்று கூப்பிடுவது அவர் வேலை. ஏன் கூப்பிட வேண்டும் என்பதைப் பிறகு சொல்கிறேன். தேதி எழுதுகிறவர் ஏகாம்பரம். பத்து எண்களும், 'சுத்தம்', 'அடுத்த சுத்தம்' என்பவையும் தவிர அவருக்கு வேறு எதுவும் எழுதத் தெரியாது. ஆனால் அவற்றை அச்சில் வார்த்த மாதிரி எழுதுவார். ரேஷன் கடையில் கையெழுத்துக் கேட்டபோது 'அடுத்த சுத்தம்' என்று எழுதிக் கொடுத்து மண்ணெண்ணெய் வாங்கி வந்தவர்.

அவர்கள் தொழிலுக்கு ஐந்து விதிகள் உண்டு. தண்ணீர் வரும் குழாயை மூடாமல் வேலையைத் தொடங்கக் கூடாது. ஒருவர் உள்ளே இறங்கித்தான் கழுவ வேண்டும்; வெளியே நின்று கழுவுவது ஏமாற்று வேலை. உள்ளே ஆள் இருக்கும்போது வெளியே ஒருவர் நின்று நிமிஷத்துக்கு ஒரு தரம் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். உள்ளே இருப்பவர் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். இரண்டு தரம் கூப்பிட்டும் பதில் வராவிட்டால் எல்லோரும் உடனே உள்ளே குதித்துவிட வேண்டும். கழுவி முடித்ததும் தண்ணீர் நிரப்பி ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியில் தேதி போட வேண்டும்; போட்ட தேதியை உயிரே போனாலும் மீறக் கூடாது.

இந்தக் கடைசி விதியில் அவர்களை யாராலும் அசைக்க முடியாது. ஒரு தடவை தபால்காரர் தன் வீட்டுத் தகரத் தொட்டியை விற்றுவிட்டார். வாங்கியவர் அதை எட்டு மைல் தள்ளிக் கொண்டுபோய், கவிழ்த்துப் போட்டு, கோழிக் கூண்டாக வைத்திருந்தார். தேதி வந்தது. நான்கு பேரும் விசாரித்துக்கொண்டே போய்ச் சேர்ந்து, கூண்டைக் கழுவி, கூடவே கோழிகளையும் கழுவி, அடுத்த தேதியைப் போட்டுவிட்டுத்தான் திரும்பினார்கள்.

இப்படிப்பட்டவர்கள் கம்பளம் கழுவும் தொழிலிலும் இறங்க வேண்டி வந்ததற்குக் காரணம், தெய்வநாயகத்தின் மகள் பூங்கோதையின் கல்யாணம்.

பூங்கோதை தாயில்லாமல் வளர்ந்த பெண். அந்த வீட்டுக்கு வந்துசேர வேண்டிய புத்தி முழுவதும் அவள் ஒருத்தியிடம் வந்து சேர்ந்திருந்தது. தையல் மிஷின் வைத்து ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். சேத்துப்பட்டிலிருந்து வரன் வந்தது. பையன் குமரேசனுக்கு மின்கம்பத்தில் ஏறுகிற வேலை. அவன் வந்து, காபி குடித்து, காபி நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்துச் சொல்லாமலே போனான். அந்த நிமிஷமே அவளுக்கு அவனைப் பிடித்துவிட்டது.

பையனுடைய அப்பா நல்லசிவம், பத்திரம் எழுதி ஓய்ந்தவர். தனக்குத் தெரியாத விஷயம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டது கிடையாது.

"நகை நீங்க போடறதைப் போடுங்க. சீர் வேணாம்," என்றார் நல்லசிவம். "ஆனா மாப்பிள்ளை அழைப்புல நாங்க சிவப்புக் கம்பளத்து மேலதான் நடந்து வரணும். என் தம்பி பையன் கல்யாணத்துல அப்படித்தான் நடந்தாங்க. நான் ஓரமா நின்னு பாத்தேன். கம்பளம் முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. ஆரணியில ஒரு இடம் பாத்து வெச்சிருக்கோம்."

தெய்வநாயகம் தலையாட்டினார்.

வெண்பாக்கத்தில் ஒரே ஒரு சிவப்புக் கம்பளம்தான் இருந்தது. ராஜமாதங்கி கல்யாண மண்டபத்தில், வாசலிலிருந்து மேடைவரை அறுபது அடி. மண்டப முதலாளி வடமலை, கம்பளம் கேட்டு வந்த தெய்வநாயகத்தை நல்லபடியாகவே வரவேற்றார்.

"கம்பளம் வாங்கி இருபது வருஷம் ஆச்சு, தெய்வநாயகம். ஒரு நாள் கழுவினது கிடையாது. அதுக்குப் பட்டணத்துல இருந்து ஆள் வரணும்ங்கிறாங்க. நீங்கதான் ஊர்த் தொட்டியெல்லாம் கழுவுறீங்களே, அதோட இதையும் சேர்த்துக்கங்களேன். எனக்குக் கழுவிக் குடுங்க. உங்க பொண்ணு கல்யாணத்துக்கு மண்டபமும் உங்களுது, கம்பளமும் உங்களுது. ஒண்ணே ஒண்ணு. கெட்டுப்போச்சுன்னா மண்டபத்துப் பக்கமே வரக் கூடாது."

அன்று சாயங்காலம் நான்கு பேரும் கூடி, தொழிலை விரிவாக்குவது பற்றி ஆலோசித்தார்கள்.

"கம்பளம்னா இன்னா?" என்று ஆரம்பித்தார் ஏகாம்பரம்.

சோணாசலம் கண்ணை மூடித் திறந்தார். "தொட்டிதான். ஒரு தொட்டியில நாலு சுவரையும் எடுத்துட்டா மிச்சம் இன்னா இருக்கும்? அடித்தளம். அதைத்தான் கம்பளம்ங்கிறாங்க."

"அப்ப நமக்குத் தெரிஞ்ச வேலைதான்," என்றார் புண்ணியகோடி.

"தெரிஞ்சதுல கால்வாசிதான். சுவர் இல்லையே, மிச்ச நேரத்துல இன்னா பண்றதுன்னுதான் யோசிக்கிறேன்."

உள்ளேயிருந்து பூங்கோதை வந்தாள். "மாமா, கம்பளம் தொட்டி இல்ல."

"அதான் கண்ணு, சுவர் இல்லேன்னுதானே சொல்றேன்."

அவள் தகப்பனாரிடம் திரும்பினாள். "அப்பா, இதுவரைக்கும் உங்ககிட்ட நான் எதுவும் கேட்டதில்ல. எனக்கு இந்த மாப்பிள்ளையப் புடிச்சிருக்கு. கம்பளத்தைக் கெடுத்துடாதீங்க."

தெய்வநாயகம் தலையாட்டினார். அவள் உள்ளே போனதும் சோணாசலத்தைப் பார்த்தார்.

"மாப்பிள்ளையப் புடிச்சிருக்காம்," என்றார் சோணாசலம்.

வெள்ளிக்கிழமை முகூர்த்தம். திங்கட்கிழமை, ஜூன் பதினொன்றாம் தேதி, காலை ஆறு மணிக்கு நான்கு பேரும் ஏணியோடு மண்டப வாசலில் நின்றார்கள். கம்பளம் தரையில்தான் கிடந்தது. இருந்தாலும் ஏணியை வைத்து, ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, உள்ளே போனார்கள்.

முதல் வேலை, கம்பளத்துக்குத் தண்ணீர் வரும் குழாயை மூடுவது. அறுபது அடியும் தடவிப் பார்த்தார்கள். குழாயைக் காணோம்.

"தரைக்கு அடியில வருதோ என்னவோ," என்றார் மேஸ்திரி.

எதற்கும் இருக்கட்டும் என்று மண்டபத்தில் இருந்த எல்லாக் குழாய்களையும் மூடினார்கள். அப்போதும் மனசு கேட்கவில்லை. தெருமுனைக்குப் போய்ப் பெரிய குழாயையும் மூடினார்கள். ஏழு மணிக்கெல்லாம் நான்கு தெருப் பெண்கள் குடத்தோடு வந்து மண்டபத்தைச் சுற்றி நின்றார்கள். கம்பளம் கழுவும் தொழில் ஊருக்குள் இவ்வளவு சீக்கிரம் பரவிவிட்டதே என்று புண்ணியகோடி சந்தோஷப்பட்டார்.

இரண்டாவது விதியில் சிக்கல் வந்தது. ஒருவர் உள்ளே இறங்க வேண்டும். கம்பளத்துக்கு உள் என்று ஒன்று இல்லை.

"மேலே இருக்கு, கீழே இருக்கு. உள்ளே எங்கேப்பா இருக்கு?" என்று ஏகாம்பரம் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"உள்ளே இல்லாத பொருள் உலகத்துல உண்டா?" என்றார் சோணாசலம். "சுருட்டிப் பாருங்க. தானா வரும்."

சுருட்டினார்கள். வந்தது. எல்லோரும் சோணாசலத்தை மரியாதையோடு பார்த்தார்கள். பிறகு அவர் கையில் தேங்காய்நார்ப் பிரஷ்ஷையும் ஒரு வாளி ப்ளீச்சிங் பவுடர் கரைசலையும் கொடுத்து, ஒரு ஓரத்தில் படுக்கவைத்து, மறுபடியும் முதலிலிருந்து சுருட்டினார்கள். புண்ணியகோடி வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சோணாசலம்!"

"இருக்கேன்!" என்று பூமிக்கடியிலிருந்து வருவது போல் ஒரு குரல் வந்தது.

"சோணாசலம்!"

"இருக்கேன்! இங்க எதிரொலி இல்லப்பா. நான் சொல்றது சரியா தப்பான்னே தெரியல."

அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. கம்பளத்துக்குள் கதகதப்பாகவும் இருட்டாகவும் இருந்ததாம். மறுத்துப் பேசவும் ஆளில்லை, ஒப்புக்கொள்ளவும் ஆளில்லை. மனுஷன் தூங்கிவிட்டார்.

"சோணாசலம்!" பதில் இல்லை. "சோணாசலம்!" பதில் இல்லை.

விதி விதிதான். புண்ணியகோடி சுருளின் ஒரு முனையில் தலையைக் கொடுத்தார். ஏகாம்பரம் மறுமுனையில் காலைக் கொடுத்தார். மேஸ்திரிக்கு இரண்டு முனையிலும் இடமில்லை. அவர் கம்பளத்தின் வெளி ஓரத்தைப் பிடித்துத் தன்மேல் போர்த்திக்கொண்டு உருண்டார். சுருள் மொத்தமும் அவரோடு உருண்டு, மண்டபத்துப் படிகளில் இறங்கி, தெருவைத் தாண்டி, சைக்கிள் கடை வாசலில் வந்து நின்றது. நான் அப்போது அந்தக் கடையில் பஞ்சர் ஒட்டக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே நடந்த பேச்சு நன்றாகக் கேட்டது.

"மேஸ்திரி, நீங்க எங்க இருக்கீங்க?"

"உள்ளே. நீ?"

"நானும் உள்ளேதான். ஏகாம்பரமும் உள்ளே. அவர் கால் என் வாய்கிட்ட இருக்கு."

"எல்லாரும் உள்ளே இருந்தா வெளியே நின்னு கூப்பிடறது யாரு?"

சுருள் இந்தப் பக்கம் ஒரு தரமும் அந்தப் பக்கம் ஒரு தரமும் ஆடியது.

"ஒருத்தர் வெளியே போயிடலாம் மேஸ்திரி. ஆனா யாரு போறதுன்னு வெளியே இருந்து ஒருத்தர் சொன்னாத்தான் சரியா இருக்கும்."

சாப்பாடு கொண்டுவந்த பூங்கோதைதான் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு, சுருளை எட்டி உதைத்துப் பிரித்தாள். நான்கு பேரும் ஒருவர் பின் ஒருவராக உருண்டு வெளியே வந்தார்கள். சோணாசலம் எழுந்து, "கேட்டீங்களா, உள்ளே இருக்குன்னு சொன்னேன்ல?" என்றார். அவள் தூக்குச்சட்டியை அவர் கையில் திணித்துவிட்டு விறுவிறுவென்று போனாள். பேசத் தொடங்கினால் அழுகை வந்துவிடும் என்று பயந்திருப்பாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு வேலை மும்முரமாக நடந்தது. அறுபது அடி நீளத் தொட்டிக்கு எவ்வளவு ப்ளீச்சிங் பவுடர் போடுவார்களோ அவ்வளவையும் கிணற்றுத் தண்ணீரில் கரைத்து ஊற்றினார்கள். மண்டபத்துக்குப் பின்னால் சாக்கடை ரத்தம் மாதிரி ஓடியது. கம்பளத்தின் சிவப்பு ரோஸ் ஆயிற்று. ரோஸ் வெளுத்து, மூன்று மணி வாக்கில் கம்பளம் அவித்த இட்லி நிறத்துக்கு வந்தது.

நான்கு பேரும் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எவ்வளவு அழுக்கு!" என்றார் மேஸ்திரி, அடித்தொண்டையில்.

"அது அழுக்கு மட்டும் இல்ல மேஸ்திரி," என்றார் சோணாசலம். "வெத்தலை. இருபது வருஷத்துல எத்தனை கல்யாணம், எத்தனை தாம்பூலம்! ஒரு கல்யாணத்துக்கு நூறு பேர் துப்பியிருந்தாக்கூட இவ்வளவு சிவப்பு வந்துருமே. பாவம் முதலாளி, கம்பளமே சிவப்புன்னு நெனச்சிக்கிட்டு இருந்திருக்காரு."

"அவருக்குத் தெரிஞ்சா எவ்வளவு சந்தோஷப்படுவாரு!" என்றார் புண்ணியகோடி. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

நான்காவது விதிப்படி குழாய்களைத் திறந்துவிட்டு, கம்பளத்தில் தண்ணீர் ஊற்றி நிரப்பிப் பார்த்தார்கள். எந்தப் பக்கம் ஊற்றினாலும் நிற்கவில்லை. முதலாளியிடம் இதை எப்படிச் சொல்வது என்கிற கவலை வந்துவிட்டது.

மறுநாள் காலை மண்டபத்துக் கணக்குப்பிள்ளை அந்த வழியே போனவர், "வெயில்லயே போட்டு வைங்கப்பா. நிழல் பட விடாதீங்க, நாத்தம் வரும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

விரித்துப் போட்டார்கள். ஒன்பது மணிக்கு வேப்பமரத்து நிழல் ஓரமாக எட்டிப் பார்த்தது. நான்கு பேரும் கம்பளத்தைத் தூக்கிப் பத்தடி தள்ளிப் போட்டார்கள். பத்து மணிக்கு மறுபடியும் நிழல். அதற்குப் பிறகு கீழே வைப்பதே வீண் வேலை என்று தோன்றியது. கம்பளத்தை நீளவாக்கில் தலைமேல் தூக்கிக்கொண்டு வெயில் போகிற பக்கமே நடந்தார்கள். கடைத்தெரு தாண்டி, தாலுகா ஆபீஸ் தாண்டி, பொழுது சாயும் நேரத்தில் ஊரின் மேற்கு எல்லையில் ஏரிக்கரைக்கு வந்துவிட்டார்கள். அங்கேதான் வடமலை அவர்களைத் தேடிக் கண்டுபிடித்தார். நான்கு பேரும் கம்பளத்தைத் தலையில் வைத்துக்கொண்டு மேற்கே பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள்.

"வெயில் இந்தப் பக்கமா போயிடுச்சு முதலாளி," என்றார் தெய்வநாயகம். "காலையில இதே வழியாத்தான் திரும்பி வருமா?"

வடமலையின் காதில் அது விழவில்லை. "என் கம்பளம் எங்கே?"

"இதான்."

"என் கம்பளம் சிவப்புய்யா!"

நான்கு பேரும் சிரித்தார்கள். சோணாசலம் வெற்றிலை விஷயத்தை ஆதியிலிருந்து விளக்கினார். விளக்கி முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "இன்னொண்ணும் சொல்லணும். கம்பளம் ஒழுகுது. உங்களுக்கு வித்தவன் ஏமாத்திட்டான்," என்றார்.

வடமலை ஏரிக்கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்தபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: "வியாழக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. அதுக்குள்ள அந்தக் கம்பளம் சிவப்பா என் மண்டபத்துல கிடக்கணும். இல்லேன்னா கதவைப் பூட்டிச் சாவியை ஏரியில போட்டுடுவேன்."

புதன்கிழமை காலை தெய்வநாயகத்தின் வீட்டில் ஆலோசனை நடந்தது. பூங்கோதை தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மிஷின் ஓடவில்லை.

"சிவப்பு எப்படி வந்துச்சோ அப்படியே திரும்ப வர வைக்கணும்," என்றார் புண்ணியகோடி. "சந்தையில வெத்தலை போடறவங்க ஒரு ஐம்பது பேர் இருப்பாங்க. கூட்டிக்கிட்டு வந்தா..."

"கூட்டிக்கிட்டு வந்தாலும் இருபது வருஷம் ஆகும்," என்றார் சோணாசலம். "நமக்கு நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் நேரம்."

"சந்தை வேற சனிக்கிழமைதான்," என்றார் ஏகாம்பரம்.

பூங்கோதைக்குப் பொறுக்கவில்லை. "அடக் கடவுளே! ஏகாம்பரம் மாமா, உங்க பக்கத்துலயே டின் டின்னாச் சிவப்புப் பெயின்ட் வெச்சிருக்கீங்களே, அதை எடுத்து அடிச்சுத் தொலைங்களேன்!"

ஏகாம்பரம் டின்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அது தேதிப் பெயின்ட்டும்மா," என்றார் தெய்வநாயகம் மெதுவாக. "முப்பது வருஷமா அதுல தேதி தவிர ஒரு புள்ளி வெச்சதில்ல. உன் அம்மா கோலத்துக்குச் செம்மண் இல்லாம ஒரு சொட்டு கேட்டா. அவளுக்கே குடுக்கல."

பூங்கோதை தலையைக் குனிந்துகொண்டாள். மடியில் இருந்த ஜாக்கெட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்தது. அவளுடைய கல்யாண ஜாக்கெட்.

தெய்வநாயகம் அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலையாட்டாமல் யோசித்ததை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தார்கள்.

"ஏகாம்பரம்," என்றார் கடைசியில். "கழுவின கம்பளத்துக்கு இன்னும் தேதி போடல இல்ல?"

"போடல மேஸ்திரி."

"எந்த இடத்தைக் கழுவினோமோ அந்த இடத்துக்குத் தேதி போடணும். நாம எந்த இடத்தைக் கழுவினோம்?"

"எல்லா இடத்தையும்."

"இடுக்கு விட்டோமா?"

"ஒரு விரல்கடை விடல."

"அப்போ?"

ஏகாம்பரம் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பிரஷ்ஷை எடுத்தார்.

புதன்கிழமை முழுக்க எழுதினார்கள். வியாழக்கிழமை மத்தியானம் வரை எழுதினார்கள். 'சுத்தம் 11-6' என்று எழுதி, அதற்கும் அடுத்த 'சுத்தம் 11-6'க்கும் நடுவில் கிடைத்த சந்தில் இன்னொரு 'சுத்தம் 11-6' எழுதி, அந்த எழுத்துகளின் வயிற்றுக்குள் பொடிப்பொடியாக அதே தேதியை எழுதினார்கள். ஏகாம்பரத்தின் கை ஓய்ந்ததும் மற்ற மூவரும் அவர் கையைப் பிடித்து எழுதவைத்தார்கள். பன்னிரண்டு டின் காலி. கம்பளம் பழையபடி, ஏன், பழையதைவிடப் பளபளப்பாகவே சிவந்துவிட்டது. வாசல் ஓரத்தில் மட்டும் உள்ளங்கை அளவுக்கு வெள்ளை மிச்சமிருந்தது. அங்கே ஏகாம்பரம் கடைசிச் சொட்டுப் பெயின்ட்டில், சின்னதாக, அழகாக 'அடுத்த சுத்தம் 11-12' என்று எழுதி முடித்தார்.

வடமலை வந்து பார்த்தார். "எப்படிய்யா பண்ணீங்க?"

"தேதி போட்டோம்," என்றார் தெய்வநாயகம். வடமலை ஆயுள் பலத்தைக் கருதி மேற்கொண்டு கேட்கவில்லை.

பெயின்ட் காய மூன்று நாள் ஆகும் என்பது அவர்களில் யாருக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் தொட்டி மேல் யாரும் நடப்பதில்லை. அதனால் அதை நினைத்துப் பார்க்கக் காரணம் இருக்கவில்லை.

சாயங்காலம் நாதஸ்வரம் முழங்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நல்லசிவம் மல்லு வேட்டியில் முன்னால் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கம்பளத்தின் ஓரத்தில் காலை வைத்து, ஆரத்தி சுற்றி முடியும்வரை அசையாமல் நின்றார். இப்போது ஓரமாக நின்று பார்ப்பது அவருடைய தம்பி. பிறகு நிதானமாக நடந்தார். கம்பளம் காலை விடமாட்டேன் என்பது போல் ஒவ்வொரு அடிக்கும் 'பச்சக்', 'பச்சக்' என்று சத்தம் கேட்டது. மேடைக்கு முன்னால் கம்பளம் முடிந்து தரை வந்தது. அவர் தரையில் நாலடி வைத்ததும், பின்னால் வந்த அவருடைய சம்சாரம் நின்றுவிட்டாள்.

"என்னங்க, உங்க கால்!"

தரையில் நான்கு சிவப்புப் பாதங்கள். நாதஸ்வரம் நின்றது. நல்லசிவம் குனிந்து பார்த்தார். தூணுக்குப் பின்னாலிருந்து பூங்கோதை எட்டிப் பார்த்தாள். தெய்வநாயகம் கைகூப்பியபடி முன்னால் வந்து, "சம்பந்தி, அது வந்து, நாங்க தேதி..." என்று ஆரம்பித்தார்.

"இது என்ன வழக்கம்?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

தெரியாது என்று சொல்ல நல்லசிவத்துக்கு வாய் வரவில்லை.

"தெரியாதா உனக்கு?" என்று அவரைத் திருப்பிக் கேட்டார். "ரொம்பப் பழைய வழக்கம். சம்பந்தி பாதம் வீட்டுல பதியணும்னு பெரியவங்க கம்பளத்துலயே செம்பஞ்சுக் குழம்பு தடவி வெப்பாங்க. இப்பல்லாம் யாரு செய்யறா? இவங்க செஞ்சிருக்காங்க." பிறகு தெய்வநாயகத்தைப் பார்த்து, "என்ன சம்பந்தி, சரிதானே?" என்றார்.

தெய்வநாயகம் தலையாட்டினார். அவர் வாழ்நாளில் சரியான இடத்தில் ஆட்டிய ஒரே தலையாட்டல் அது.

அதற்குப் பிறகு கூட்டத்தைக் கட்டுப்படுத்த முடியவில்லை. வழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று இரண்டு வீட்டாரும் வரிசையில் நின்று நடந்தார்கள். சுவர் ஓரமாக வந்த கிழவர்களைக்கூடக் கூப்பிட்டு நடக்கவைத்தார்கள். பந்தி, சமையற்கட்டு, தெரு எல்லாம் சிவப்புப் பாதம். மறுநாள் காலை குமரேசன் சிவந்த காலோடு மணையில் உட்கார்ந்து, சிவந்த காலோடு இருந்த பூங்கோதைக்குத் தாலி கட்டினான். "காபி நல்லா இருந்துச்சு," என்று அப்போதுதான் சொன்னானாம்.

முகூர்த்தச் சாப்பாடு முடிந்து எல்லோரும் சாய்ந்திருந்த நேரத்தில், ஏகாம்பரம் முகம் வெளிறிப்போய் மேஸ்திரியிடம் வந்தார்.

"மேஸ்திரி, அடுத்த தேதியக் காணோம்."

வாசல் ஓரத்தில் உள்ளங்கை அளவுக்கு வெறும் வெள்ளைதான் இருந்தது. நான்கு பேரும் தேடினார்கள். கடைசியில் புண்ணியகோடிதான் கண்டுபிடித்தார். நல்லசிவம் ஜமக்காளத்தில் காலை நீட்டிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவருடைய வலது உள்ளங்காலில், மற்றச் சிவப்புக்கு நடுவே தடிப்பாக, இடம் வலம் மாறியிருந்தாலும் கையெழுத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாமல், 'அடுத்த சுத்தம் 11-12' என்று இருந்தது.

"அழிச்சுடலாமா?" என்று கிசுகிசுத்தார் புண்ணியகோடி.

"போட்ட தேதிய அழிக்கிறதா?" என்றார் மேஸ்திரி. "கோழிக் கூண்டுக்கே போனோமே."

"தேதி எங்க இருக்கோ, வேலை அங்கதான்," என்றார் சோணாசலம். மண்டபம் காலியாக இருந்ததால் சுவர்கள் அதை ஒப்புக்கொண்டன.

ஆறு மாதம் ஓடியது. நல்லசிவத்தின் காலில் பெயின்ட் போய்விட்டது. ஆனால் தேதி அதற்காக நிற்குமா? டிசம்பர் பதினொன்று காலை ஆறு மணிக்குச் சேத்துப்பட்டில் அவர் கதவைத் திறந்தபோது, மூன்று சக்கர வண்டியும் ஏணியும் ப்ளீச்சிங் பவுடர் மூட்டையுமாக நான்கு பேர் நின்றார்கள். முந்தின நாளே கிளம்பி வந்தவர்கள்.

"வாங்க சம்பந்தி! என்ன, பொண்ணப் பாக்க வந்தீங்களா?"

"உங்களைக் கழுவ வந்தோம்," என்றார் தெய்வநாயகம்.

தெருக்குழாயை ஏற்கெனவே மூடிவிட்டார்கள். நல்லசிவம் சிரித்துப் பார்த்தார். அவர்கள் சிரிக்கவில்லை. அவர் காதுபடவே, இரண்டாவது விதி பற்றிய விவாதம் தொடங்கியது.

"உள்ளே ஒருத்தர் இறங்கணுமே," என்றார் ஏகாம்பரம். "சம்பந்திக்கு உள்ளே எப்படி இறங்கறது?"

சோணாசலம் அவரை மேலும் கீழும் பார்த்தார். "முதல்ல சுருட்டிப் பாப்போம்."

நல்லசிவம் மூன்றே எட்டில் பின்னறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

"பாத்தீங்களா," என்றார் சோணாசலம். "அவரே உள்ளே இறங்கிட்டாரு."

புண்ணியகோடி கதவுக்கு வெளியே நின்று வாட்ச்சைப் பார்த்தார். "சம்பந்தி!"

பதில் இல்லை.

மற்ற மூவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குதிப்பதற்குத் தோதாக ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் போனார்கள். சத்தம் கேட்டுச் சமையற்கட்டிலிருந்து ஓடிவந்த பூங்கோதை ஒரு பார்வையில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டாள். கதவில் வாயை வைத்து, "மாமா, என்ன ஆனாலும் சரி, அடுத்த தடவை கூப்பிட்டா பதில் சொல்லிடுங்க. இல்லேன்னா எல்லாரும் உள்ளே குதிச்சிடுவாங்க," என்றாள்.

ஒரு நிமிஷம் ஆயிற்று.

"சம்பந்தி!"

உள்ளேயிருந்து, பத்திரம் எழுதி ஓய்ந்த குரலில், மெதுவாக வந்தது:

"இருக்கேன்."